ஆறு நூல் இடைவெளி

எஞ்சின் ஆயில் அடியோடு வற்றிவிட்டது என்று நம்பி ஒரு முழு லிட்டரை ஊற்றிய நான், மறுநாள் காலை அதே காரில் ஆயில் மேல் குறியையும் தாண்டி நிற்பதைப் பார்த்தேன். இது இரண்டு ஆண்டுகளுக்கு முன் வால்பாறையில் நடந்தது. காருக்குப் பெரிய சேதம் எதுவும் நேரவில்லை; செலவும் சில நூறு ரூபாய்களோடு முடிந்துவிட்டது. ஆனாலும் அந்த இரண்டு அளவுகளுக்கும் இடையிலிருந்த முரண் நெடுநாள் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. மாலையில் பார்த்ததும் என் கண்தான், காலையில் பார்த்ததும் என் கண்தான், ஆயில் அளக்கும் கம்பியும் அதே கம்பிதான். இரண்டு குறிகள் மட்டுமே உள்ள ஒரு கம்பியைப் படிப்பதில் தவறுவதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணியிருந்த எனக்கு, அதைப் படிக்கவே தெரிந்திருக்கவில்லை என்பது புரிய ஒரு இரவும் ஒரு பெரியவரும் தேவைப்பட்டார்கள்.

கோவையிலிருந்து பொள்ளாச்சி வழியாக வால்பாறைக்குச் சுமார் 105 கிலோமீட்டர். ஆழியாறு அணையைக் கடந்ததும் 40 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. என்னுடையது பத்தாண்டு ஓடிய சிறிய பெட்ரோல் கார். எஞ்சினில் மொத்தம் மூன்று லிட்டர் அளவுக்கு ஆயில் பிடிக்கும். அன்று மதியம் பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே ஏறி, மாலை நான்கு மணி போல ஊருக்குள் நுழைந்து, ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினேன். பங்கின் முகப்பு சாலையை நோக்கிச் சரிந்திருந்ததால் காரின் மூக்கு சற்று மேலே தூக்கியபடி நின்றது. பெட்ரோல் போட்டு முடித்த தம்பி, மலையேறி வந்த வண்டி என்பதால் ஆயில் பார்த்துவிடட்டுமா என்று அக்கறையோடுதான் கேட்டான். எஞ்சினை அணைத்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. பானெட்டைத் திறந்து, டிப்ஸ்டிக் என்ற அந்த அளவுக்கம்பியை உருவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, மீண்டும் இறக்கி எடுத்துக் காட்டினான். கம்பியின் நுனியில் மட்டும் ஒரு சொட்டு பளபளத்தது. குறைந்தபட்ச அளவைக் காட்டும் கீழ்க்குறியில்கூட எண்ணெய் படவில்லை. "சார், ஆயில் சுத்தமா இல்ல. இப்படியே எறக்கத்துல போனா எஞ்சின் சீஸ் ஆயிரும்" என்றான். எஞ்சின் இறுகி நின்றுவிடும் என்று பொருள். அவன் என்னை ஏமாற்றவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கம்பியில் கண்டதைத்தான் சொன்னான். நானும் அதையேதான் கண்டேன்.

பின் இருக்கையில் மனைவியும் மகளும் இருந்தார்கள். இரண்டு நாள் கழித்து அதே 40 வளைவுகளிலும் இறங்கியாக வேண்டும். அந்த அச்சத்தில், வண்டியின் கையேடு 5டபிள்யூ-30 ரகத்தைக் கேட்கிறது என்று தெரிந்திருந்தும், அங்கே கிடைத்த 20டபிள்யூ-40 ஒரு லிட்டர் டப்பாவை வாங்கி முழுவதையும் ஊற்றச் சொன்னேன். ஊற்றிய பிறகு அளவு எங்கே வந்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குறைந்ததை நிரப்பியாயிற்று என்ற நிம்மதியோடு விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் விடிந்ததும் டீ வருவதற்கு முன் முற்றத்தில் நின்ற காரின் பானெட்டைத் திறந்தேன். ஐயம் எதுவும் இல்லை. சரியாகிவிட்டதைக் கண்ணால் கண்டு மகிழத்தான் திறந்தேன். முற்றம் சமதளமான சிமென்ட் தரை. கம்பியைத் துடைத்து இறக்கி எடுத்தால், எண்ணெய் மேல் குறிக்கு நான்கு நூல் மேலே நின்றது. ஆசாரிகள் சொல்லும் நூல் அது, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. என் காரின் கம்பியில் கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் இடைவெளி ஆறு நூல். அதற்கு மேலே இன்னும் நான்கு நூல் என்றால், அது கண்ணின் பிழையாக இருக்க முடியாது. மூன்று முறை துடைத்துப் பார்த்தேன். மூன்று முறையும் அதே இடம்தான்.

விடுதிக்கு அடுத்த கொட்டகையில் எஸ்டேட் ஜீப்புகளைப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். நான் டிப்ஸ்டிக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவராகவே வந்தார். நடந்ததைச் சொன்னேன். கம்பியில் நேற்று எவ்வளவு காட்டியது, இன்று எவ்வளவு காட்டுகிறது என்று நான் விரல் வைத்து விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் கம்பியைப் பார்க்கவே இல்லை. மூன்று கேள்விகள் கேட்டார். "நேத்து பாக்கும்போது வண்டி மேட்டுல நின்னுச்சா, சமமா நின்னுச்சா? ஆஃப் பண்ணி எத்தன நிமிசம் ஆச்சு? கெளம்பறதுக்கு முன்னாடி வீட்டுல எவ்வளவு இருந்துச்சு?" முதல் இரண்டுக்கும் பதில் சொன்னேன். மூன்றாவதற்கு என்னிடம் பதில் இல்லை. கடைசி சர்வீஸுக்குப் பிறகு நான்கு மாதங்களாக நான் பானெட்டைத் திறந்ததே இல்லை. "அப்ப கொறஞ்சுதுன்னு எத வச்சு சார் சொல்றீங்க?" என்று கேட்டார். குரலில் கண்டிப்பு இல்லை; உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அந்தக் கேள்விதான் எனக்குத் திருப்பம். குறைந்தது என்று சொல்ல வேண்டுமானால் முன்பு இருந்தது தெரிந்திருக்க வேண்டும். நூறு கிலோமீட்டருக்குள் ஒரு லிட்டருக்கு மேல் ஆயில் காணாமல் போக வேண்டுமானால், அது எரிந்து பின்னால் நீலப்புகையாக வந்திருக்க வேண்டும், அல்லது எங்காவது ஒழுகி, வண்டி நின்ற இடத்திலெல்லாம் தரையில் குட்டை கட்டியிருக்க வேண்டும். இரண்டையும் நான் காணவில்லை. காணாததைப் பற்றி யோசிக்கவும் இல்லை. கம்பியின் நுனியிலிருந்த ஒரு சொட்டை மட்டும் நம்பினேன்.

கம்பி அளப்பது எதை

டிப்ஸ்டிக் எஞ்சினில் இருக்கும் ஆயிலை அளப்பதில்லை. எஞ்சினுக்கு அடியில் தொங்கும் சம்ப் என்ற தட்டில் அந்த நேரத்தில் எவ்வளவு ஆயில் வந்து தங்கியிருக்கிறது என்பதை மட்டுமே அது காட்டும். எஞ்சின் ஓடும்போது ஆயில் பம்ப் சம்பிலிருந்து எண்ணெயை உறிஞ்சி, ஃபில்டர் வழியாகத் தள்ளி, சுழலும் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்குகளுக்கும், மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுக்கும், வால்வுகளுக்கும் அனுப்புகிறது. அங்கெல்லாம் நனைத்துவிட்டு அது சிறு துளைகள் வழியாகவும் சுவர்கள் வழியாகவும் வழிந்து கீழே திரும்புகிறது. எஞ்சினை அணைத்த கணத்தில் சில நூறு மில்லிலிட்டர் ஆயில் இன்னும் மேலேயே நிற்கும். சூடாக இருந்தால் ஐந்து முதல் பத்து நிமிடங்களில் பெரும்பகுதி இறங்கிவிடும். அதற்குள் கம்பியை உருவினால், வீட்டில் பாதிப் பேர் வெளியே போயிருக்கும்போது எடுத்த கணக்கெடுப்பைப் போலத்தான் அந்த அளவு இருக்கும்.

சரிவின் கணக்கு இன்னும் கறாரானது. சம்ப் அகலமான, ஆழம் குறைந்த தட்டு. தாம்பாளத்தில் தண்ணீர் வைத்து ஒரு ஓரத்தைத் தூக்கினால் அந்த ஓரம் வறண்டு எதிர் ஓரம் நிறைவது போல, வண்டி சாய்ந்தால் எண்ணெயும் ஒரு பக்கம் ஒதுங்கும். என் காரில் கம்பி இறங்கும் குழாய் எஞ்சினின் முன்பக்கத்தில் இருக்கிறது. பங்கில் வண்டியின் மூக்கு மேலே தூக்கியிருந்ததால் எண்ணெய் பின்பக்கம் ஒதுங்கிவிட்டது. கம்பி இறங்கிய இடத்தில் தட்டு கிட்டத்தட்ட வெறுமையாக இருந்திருக்கும். இறங்காத ஆயிலும் ஒதுங்கிய ஆயிலும் சேர்ந்துதான் அந்தப் பஞ்சத்தைக் காட்டின.

வெப்பமும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. எஞ்சின் ஆயில் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் தன் கன அளவில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஏழு பங்கு விரிகிறது. காலைக் குளிரில் 25 டிகிரியில் இருக்கும் மூன்று லிட்டர், 90 டிகிரிக்குச் சூடாகும்போது 135 மில்லிலிட்டர் போலக் கூடிவிடும். குளிர்ந்த எஞ்சினில் ஆயில் முழுவதும் இறங்கியிருக்கும், ஆனால் சுருங்கியிருக்கும். சூடான எஞ்சினில் சிறிது மேலே தங்கியிருக்கும், ஆனால் விரிந்திருக்கும். பத்து நிமிடம் காத்திருந்து பார்த்தால் இந்த இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு ஈடு செய்துவிடுகின்றன. தயாரிப்பாளர்களுக்குள்ளேயே இதில் முறை வேறுபடுகிறது. எஞ்சினைச் சூடாக்கி அணைத்துச் சில நிமிடம் பொறுக்கச் சொல்பவர்கள் உண்டு. குளிர்ந்த நிலையில் பார்க்கச் சொல்பவர்களும் உண்டு. காற்றால் குளிர்விக்கப்பட்ட பழைய போர்ஷே 911 கார்களிலோ ஆயில் தனித் தொட்டியில் இருப்பதால், எஞ்சின் சூடேறி, சமதளத்தில் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியை உருவிப் பார்க்க வேண்டும். ஆக, கம்பியில் வெட்டியிருக்கும் இரண்டு குறிகளும் அந்த வண்டியின் கையேடு சொல்லும் நிலையில் மட்டுமே உண்மை பேசும். என் காரின் கையேட்டில் இந்த நிபந்தனை ஒரே ஒரு வரியில் இருந்தது. பத்தாண்டுகளில் நான் ஒருமுறைகூட வாசிக்காத வரி.

பதினான்கு சிரிஞ்சு

கூடுதலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், குறைவதுதானே ஆபத்து என்றுதான் அன்று காலையும் முதலில் நினைத்தேன். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்த நினைப்பு அத்தனை பாதுகாப்பானதல்ல. சம்புக்கு நேர் மேலே கிராங்க் தண்டு சுழல்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் நொடிக்கு 50 சுற்று. ஆயில் மட்டம் உயர்ந்து அதன் எடைப்பகுதிகளைத் தொட்டுவிட்டால், மத்து மோரைக் கடைவது போல அது எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையில் பாதி காற்று. பம்ப் அந்த நுரையை உறிஞ்சினால் பேரிங்குகளுக்கு இடையே நிற்க வேண்டிய எண்ணெய்ப் படலம் மெலியும். எதற்குப் பயந்து ஊற்றினேனோ, அந்தத் தேய்மானமே ஊற்றியதாலும் வரக்கூடும். மேலும், கிராங்க் அறையின் ஆவி வெளியேறும் குழாய் வழியாக எண்ணெய்த் திவலைகள் காற்று உள்ளிழுக்கும் பாதைக்குப் போய் எரியும். ஸ்பார்க் பிளக், ஆக்சிஜன் சென்சார், புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஆகியவற்றில் கரியும் சாம்பலும் படியும். சிறிது கூடுதலாக இருந்த மாத்திரத்தில் இவையெல்லாம் நடந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் நான்கு நூல் என்பது சிறிதல்ல என்பதில் பெரியவருக்கு ஐயமே இல்லை.

கீழே படுத்து, சம்பின் அடியில் ஆயிலை வடிக்கும் திருகான ட்ரெயின் பிளக்கைத் தளர்த்தி விட்டுவிடலாம் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அவர் வேறு வழி சொன்னார்: மெடிக்கல் ஷாப்பில் 50 மில்லி சிரிஞ்சு ஒன்றும் மெல்லிய டியூப் ஒன்றும் வாங்கிவரச் சொன்னார். ட்ரெயின் பிளக்கைக் கழற்றினால் எவ்வளவு வடிகிறது என்று கட்டுப்படுத்த முடியாது, வாஷரும் புதிதாகப் போட வேண்டும். மேலிருந்து உறிஞ்சினால் அளந்து எடுக்கலாம் என்பது அவர் கணக்கு. எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அணைத்து, பத்து நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக் குழாய்க்குள் டியூப்பை இறக்கி, அவர் இழுக்க இழுக்க நான் ஒரு தண்ணீர் பாட்டிலில் வாங்கிக்கொண்டேன். நான்கு சிரிஞ்சுக்கு ஒருமுறை கம்பியைத் துடைத்து இறக்கிப் பார்த்தோம். பன்னிரண்டாவது சிரிஞ்சில் எண்ணெய் மேல்குறிக்கு வந்தது. இன்னும் இரண்டு இழுத்துவிட்டு, "மேல்குறிக்குக் கொஞ்சம் எறங்கி நிக்கட்டும், போதும்" என்று நிறுத்தினார்.

அந்தப் பன்னிரண்டு சிரிஞ்சுகள்தாம் எனக்குக் கணக்கைக் கற்றுக்கொடுத்தன. 600 மில்லிலிட்டர் எடுத்தால் நான்கு நூல் இறங்குகிறது; அப்படியானால் ஒரு நூலுக்கு 150 மில்லிலிட்டர், இரண்டு குறிகளுக்கும் இடையிலான ஆறு நூலுக்கு 900 மில்லிலிட்டர். பல கார்களில் இந்த இடைவெளி ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் என்று பின்னர் அறிந்தேன். நான் ஊற்றியது 1000. மேல்குறிக்கு மேலே நின்றது 600. ஆகவே ஊற்றுவதற்கு முன் மேல்குறிக்கு 400 மில்லிலிட்டர்தான் குறைவு. இரண்டு குறிகளுக்கும் நடுவே, பாதிக்குச் சற்று மேலேயே ஆயில் இருந்திருக்கிறது. என் காரில் எந்தக் குறையும் இருக்கவில்லை. பாட்டிலில் நின்ற கறுத்த எண்ணெயைப் பார்த்தபடி இந்தக் கூட்டல் கழித்தலைச் செய்தபோது வந்த உணர்வு இன்றும் நினைவிருக்கிறது. முந்தைய மாலையின் அச்சம் முழுவதும் பொய்யான அச்சம். அதைத் தீர்க்க நான் செய்ததுதான் உண்மையான கேடு.

ரகத்தைப் பற்றிக் கேட்டேன். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னால் உள்ள எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் சொல்கின்றன. இரண்டு ரகங்கள் கலந்ததால் உடனே எதுவும் ஆகாது, ஆனால் அப்படியே பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்ட வேண்டாம் என்றார். ஊர் திரும்பியதும் முழு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை நோட்டு

பெரியவரின் மூன்றாவது கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும் என்பதற்காக ஒரு நோட்டுப் போட்டேன். வீட்டின் முன் உள்ள தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, சமமாக இருந்த இடத்தில் சுண்ணாம்பால் சக்கரங்களுக்கு அடையாளம் இட்டேன். ஞாயிறுதோறும் காலையில், எஞ்சினைத் தொடுவதற்கு முன், அதே இடத்தில், அதே குளிர்ந்த நிலையில் கம்பியைப் பார்த்துத் தேதி, ஓடிய கிலோமீட்டர், எத்தனை நூல் என்று மூன்றே விவரங்களை எழுதுகிறேன். கம்பியின் இரண்டு பக்கங்களிலும் அளவு வேறுபட்டால் குறைவானதையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் குழாயின் சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணெய் ஒரு பக்கத்தை உயர்த்திக் காட்டிவிடும். ஊற்ற வேண்டியிருந்தால் ஒரு நேரத்தில் 200 மில்லிலிட்டருக்கு மேல் ஊற்றுவதில்லை. பத்து நிமிடம் பொறுத்து மறுபடி பார்த்த பிறகே அடுத்தது. ஊற்ற வேண்டியில்லாத நாளில் மொத்த வேலைக்கும் ஐந்து நிமிடம் போதும்.

முதல் சில மாதங்களில் ஒன்று தெளிவானது. ஏறக்குறைய 1500 கிலோமீட்டருக்கு ஒரு நூல் இறங்குகிறது. அதாவது ஆயிரத்துக்கு 100 மில்லிலிட்டர். சில தயாரிப்பாளர்களின் கையேடுகள் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை எரிவதையும் ஏற்கத்தக்கது என்கின்றன. அந்த எண்ணைப் பார்க்கும்போது என் கார் நல்ல நிலையில் இருந்தது. ஆனால் அந்த எண்ணே இன்னொன்றையும் உணர்த்தியது. ஆயிரத்துக்கு ஒரு லிட்டர் எரியும் காரை அடுத்த சர்வீஸ் வரை, பத்தாயிரம் கிலோமீட்டர், திறந்தே பார்க்காமல் ஓட்டினால் மூன்று லிட்டர் எப்போதோ தீர்ந்திருக்கும். சிவப்பு விளக்கு எரியுமே என்று நம்பியிருப்பவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். டாஷ்போர்டில் எரியும் அந்த எண்ணெய்க் குடுவை விளக்கு பெரும்பாலான கார்களில் அழுத்தத்தைக் காட்டுவது, அளவைக் காட்டுவதல்ல. பம்ப் காற்றை உறிஞ்சி அழுத்தம் வெகுவாக விழுந்த பிறகே அது எரியும். ஓடும்போது அது எரிந்தால் பக்கத்து ஊர் வரை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணக் கூடாது. ஓரங்கட்டி உடனே அணைத்துவிட வேண்டும்.

போன ஆண்டு ஆயில் மாற்றிய மூன்றாவது ஞாயிறு, 800 கிலோமீட்டருக்குள் இரண்டு நூல் இறங்கியிருந்தது. நோட்டு இல்லாதிருந்தால் குறிகளுக்கு இடையில்தானே நிற்கிறது என்று பானெட்டை மூடியிருப்பேன். கீழே குனிந்து பார்த்தபோது ட்ரெயின் பிளக்கைச் சுற்றி ஈரம் கசிந்து தூசி அப்பியிருந்தது. ஆயில் மாற்றியவர்கள் பழைய வாஷரையே மறுபடி போட்டிருந்தார்கள். புது வாஷர் ஒன்று போட்டதும் பழைய கணக்குக்கே திரும்பிவிட்டது.

நோட்டைப் பற்றிச் சொல்லப் போய், நண்பர் ஒருவரும் தன் டீசல் காரைப் பார்க்கத் தொடங்கினார். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பின் வந்த கார் அது. அவர் காட்டிய அளவுகள் என்னுடையதற்கு நேர்மாறாக இருந்தன: யாரும் ஊற்றாமலே ஆயில் வாரம்தோறும் ஏறிக்கொண்டிருந்தது. சர்வீஸில் கூடுதலாக ஊற்றிவிட்டார்கள் என்று அவர் கோபப்பட்டார். கம்பியை முகர்ந்து பார்த்தால் டீசல் வாடை. அந்தக் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. அது நிறைந்ததும், அந்தக் கரியை எரிப்பதற்காக எஞ்சின் கூடுதல் டீசலைப் பீய்ச்சி வெப்பத்தை ஏற்றும். நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடினால் அந்த வேலை முடிந்துவிடும். அவருடைய காரோ பள்ளிக்கும் வீட்டுக்குமாக மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடியது. வேலை ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றது. எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலந்தது. ஏறுகிற அளவு இறங்குகிற அளவைவிடக் கவலைக்குரியது என்பதை அன்றுதான் அறிந்தேன், ஏனென்றால் அங்கே கூடுவது ஆயில் அல்ல, ஆயிலை நீர்க்கச் செய்யும் ஒன்று. ஆயிலை மாற்றிவிட்டு, வாரம் ஒருமுறை அவிநாசி சாலையில் அரைமணி நேரம் ஓட்டுகிறார். அளவு இப்போது நிலையாக இருக்கிறது.

2000-களின் நடுப்பகுதியிலிருந்து பி.எம்.டபிள்யூ தன் பல எஞ்சின்களில் டிப்ஸ்டிக்கையே எடுத்துவிட்டு, சென்சார் அளந்து திரையில் காட்டும்படி செய்திருக்கிறது. வசதிதான். சரிவில் நின்று பார்க்கும் பிழையை அது தடுக்கவும் கூடும். ஆனால் திரைக்கு வாடை இல்லை, நிறமும் இல்லை. ஆயில் பால்போல வெளுத்திருந்தால் குளிர்விக்கும் நீர் கலந்திருக்கலாம் என்பதையும், விரலுக்கிடையில் தேய்த்தால் நரநரக்கிறதா என்பதையும் கம்பியின் நுனிதான் சொல்லும். என் அடுத்த காரில் கம்பி இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இந்தக் காரின் நோட்டில் கடந்த இரண்டு மாதங்களாக ஒரு மாற்றம் தெரிகிறது. முன்பு ஒரு நூல் இறங்க 1500 கிலோமீட்டர் எடுத்தது, இப்போது 900-லேயே இறங்கிவிடுகிறது. கீழே எங்கும் ஈரம் இல்லை. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது ஒரு கணம் நீலப்புகை வந்து மறைகிறது. ஏற்றத்தில் மிதிக்கும்போது வரவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் மிதிக்கும்போது வர வேண்டும் என்றும், கிளப்பும்போது மட்டும் வந்தால் வால்வு வழியாக எண்ணெய் இறங்காமல் தடுக்கும் சீல் தேய்ந்திருக்கலாம் என்றும் எங்கள் தெரு மெக்கானிக் சொல்கிறார். புதன்கிழமை கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பதாக இருக்கிறது. இன்று காலை கம்பி மேல்குறிக்கு இரண்டு நூல் கீழே காட்டியது. 200 மில்லிலிட்டர் ஊற்றி, பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்து எழுதி வைத்திருக்கிறேன்.